வெண்மலை மகுடத்தின் முதல் துளி

சிவப்பிரகாசத்தின் மானம் இன்றைக்குக் கப்பலேற வேண்டும். சாரவடி இயந்திரத்தின் குமிழைத் திருகியபோது அங்கயற்கண்ணிக்கு வேறு நினைப்பே இல்லை.

மதுரையில் ஒரு பதிப்பகத்தில் அந்த இயந்திரத்தை இயக்குவது அவள் வேலை. ஆயிரம் பக்க நாவலை உள்ளே விட்டால் வீரம், நட்பு, பதவி வெறி, தியாகம், மன்னிப்பு என்று பிரித்து வடித்துக் கொடுத்துவிடும். நாக்கில் ஒரு சொட்டு போதும், படித்த உணர்வு உடம்பில் ஏறிவிடும். பக்கம் புரட்ட இப்போது எவனுக்குப் பொறுமை இருக்கிறது?

'வெண்மலை மகுடம்' அவள் இளமையைக் கொட்டி எழுதிய காவியம். படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கிப்போன பிரபல எழுத்தாளன் சிவப்பிரகாசம் அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். போய்க் கேட்டால், "ஒம் பேரப் போட்டா எவன்மா வாங்குவான்?" என்று சிரித்தான் பாவி. வயிறு எரிந்தது அவளுக்கு.

கதையில் ஒரு படைத்தலைவன் அரியணை ஆசையில் அரசனைக் காட்டிக்கொடுப்பான். கடைசியில் குற்றம் நெஞ்சைக் குடைய, நிறைந்த சபையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். அரசன் மன்னித்துவிடுவான். வெளியீட்டு விழாக் கூட்டத்துக்கான குப்பிகளில் நாவலின் எல்லா உணர்வையும் கலந்து ஊற்றினாள். வெள்ளிக் குப்பியில் குற்றவுணர்வை மட்டும் வடித்தாள். விழாவில் வெள்ளிக் குப்பி ஆசிரியனுக்குத்தான். குடித்துவிட்டு உளறட்டும், ஊரே காறித் துப்பட்டும்!

விழா மேடையில் சிவப்பிரகாசம் வெள்ளிக் குப்பியைக் கையில் வாங்கினான். சபையைப் பார்த்தான். அவனுக்குத் திடீரென்று பெருந்தன்மை பொங்கிவிட்டது.

"இந்தச் சாரத்த வடிச்சது நம்ம அங்கயற்கண்ணி. மொதத் துளி அவங்களுக்குத்தான்!"

அவள் பதறிப் பின்வாங்கினாள். "ஐயோ, எனக்கு வேண்டாங்க!"

"பாத்தீங்களா அடக்கத்த!" என்றான். கைதட்டல்.

"சத்தியமா வேண்டாங்க, விட்ருங்க!"

வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கூச்சப்படுகிறாள் என்று கூட்டம் இன்னும் உற்சாகமாகக் கத்தியது. ரெண்டு அம்மாக்கள் அன்பாகத் தோளைப் பிடித்து மேடையேற்றினார்கள். அவனே வெள்ளிக் குப்பியிலிருந்து ஒரு சொட்டை அவள் நாக்கில் விட்டான். பிறகு கூட்டத்துக்கான குப்பியிலிருந்து தானும் ஒரு சொட்டு குடித்தான்.

"நான் பாவிங்க!" என்று அவன் காலில் விழுந்து அலறினாள் அங்கயற்கண்ணி. "ஒங்கள அசிங்கப்படுத்தணும்னு துளியில கலப்படம் பண்ணிட்டேன்!" நாவல் என்னுடையது என்றும் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. ஏறியிருந்த உணர்வுக்குத் தன் குற்றம் மட்டும்தான் தெரிந்தது.

சிவப்பிரகாசத்துக்கும் ஒரு கணம் நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் அவன் குடித்ததில் மன்னிப்பும் இருந்ததே! முதலில் தன்னைத் தானே மன்னித்துக்கொண்டான். பிறகு அவளைத் தூக்கி நிறுத்தினான்.

"போகட்டும்மா, மனசுல வச்சுக்காத. நான் மன்னிச்சிட்டேன்" என்று தன் பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினான்.

எவ்வளவு பெரிய மனசு இவருக்கு என்று அவள் மனதார நினைத்தாள்.