பதினொன்றாம் தகடு

பேருந்து அவளைக் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது மணி பத்துகூட ஆகவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. நாற்பது வீடு, ஒரு படகுத்துறை, அதற்கப்பால் கடல். இங்கே பயப்பட ஏதாவது இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அத்தான் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். அக்காவின் கணவர். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கலங்கரை விளக்கத்தையும் பறவைகளையும் காட்டுவது அவர் தொழில்.

"வா சின்னவளே. இப்படி இளைச்சுட்டியே," என்று பையை வாங்கிக்கொண்டார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அக்கா யாருடனோ ஓடிப்போனாள். ஊர் அப்படித்தான் சொன்னது. அப்பா அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கிழித்தபோது சின்னவள் தடுக்கவில்லை. இப்படித் தங்கமான மனுஷனை விட்டுப் போக அவளுக்கு எப்படி மனசு வந்தது என்று அக்காவைக் கரித்துக்கொட்டியதும், வாரம் தவறாமல் அத்தானுக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னதும் அவள்தான். இப்போது அவர் மறுமணம் செய்துகொள்ளப் போகிறார். அக்காவின் சாமான்களில் வேண்டியதை வந்து எடுத்துக்கொள் என்று கூப்பிட்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் படகுத்துறை. அதன் முகப்பில் கம்பிக் கதவு போட்ட ஒரு மரப்பலகை. நடுவில் கோடு, இடப்பக்கம் 'கரை', வலப்பக்கம் 'கடல்'. ஆணிகளில் எண் போட்ட தகரத் தகடுகள். பலகையைப் பார்த்துக்கொள்கிறவரை ஊரே தகட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது.

"படகேறும்போது அவங்கவங்க தகட்டைக் கடல் பக்கம் மாட்டணும்மா. திரும்பினதும் கரைப் பக்கம். கடல் பக்கம் ஒண்ணு தொங்கினாலும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன், படகெடுத்துத் தேடுவேன். என் பொண்டாட்டி பொய் சொல்லுவா. இந்தப் பலகை சொல்லாது."

கரைப் பக்கத்தில் பதினொன்று துருப்பிடித்துக் கிடந்தது.

"உங்க அக்காவோடது," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "அன்னைக்கு நடுத்திட்டுப் பக்கமிருந்து யாரோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு. கடல்காக்கைன்னு உங்க அத்தான் சொன்னாரு. பார்த்தேன், அக்கா தகடு கரையில இருந்துச்சு. பூட்டிட்டுப் போயிட்டேன். மறுநாள்தான் ஓடிப்போனது தெரிஞ்சுது. போகட்டும், அத்தானுக்கும் நல்ல காலம் வந்தாச்சு. இப்போ கட்டிக்கப்போற பொண்ணும் பாவம், எட்டு வருஷமா இவருக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு."

"வெயில்ல நிக்காதே, வா," என்றார் அத்தான்.

நடுத்திட்டு என்பது துறைக்கு எதிரே தெரிந்த மணல்மேடு. நீர் வற்றும்போது தலைகாட்டும், ஏறும்போது மூழ்கிவிடும். தகட்டுக்காரர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். "அங்கேருந்து நடந்தே வரலாம்மா. தண்ணிக்கு அடியில வெளிறின கோடு ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு வரும். அது மேலேயே வந்தா முழங்கால் தண்ணிதான். ரெண்டடி தப்பினா ஆளை முழுங்கிடும். கண்ணு நல்லா இருக்கணும்."

வீட்டில் அக்காவின் பெட்டியைத் திறந்தாள்.

ஏழு வருடம் பூட்டிக் கிடந்த பெட்டி. உள்ளே சேலைகள் ஈரமாக இருந்தன. பிழிந்தால் சொட்டும் போல. குப்பென்று உப்பு வாடை அடித்தது. கடலோர வீடு, ஓதம் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூடினாள்.

குனிந்ததில் அவள் மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. அதன் திருகாணி வரும்போதே தளர்ந்திருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அக்கா தங்கை இரண்டு பேருக்குமே உலகம் கரைத்த மாவுதான். சின்னத் திருப்புளி கிடைக்குமா என்று அத்தானின் கருவிப்பெட்டியைக் கிளறினாள். அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. ஒரு பக்கக் காலில் சிவப்பு நூல்.

அந்த நூலைச் சுற்றியது அவள்தான். அக்கா கடைசியாக வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பியபோது, வாசலில் நிற்கவைத்துச் சுற்றிவிட்டாள்.

மதியம் சாப்பிடும்போது கேட்டாள். "அத்தான், அக்கா கண்ணாடி ஒண்ணுதானே வச்சிருந்தா?"

அவர் கை தட்டில் ஒரு கணம் நின்றது. "ரெண்டு," என்றார். பிறகு சிரித்தார். "சாயங்காலம் நடுத்திட்டுக்குப் போகலாமா? பறவை வர்ற நேரம். இவ்வளவு தூரம் வந்துட்டுப் பார்க்காமப் போகக்கூடாது."

அவள் நம்பினாள். ஏழு வருடமாக நம்பியவரை ஒரே மதியத்தில் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

துறையில் அவர் தன் மூன்றாம் எண்ணைக் கடல் பக்கம் மாற்றினார். அவளுக்கென்று இருபத்திரண்டையும் மாட்டினார்.

திட்டில் பறவை ஒன்றுகூட இல்லை. மணல் குளிர்ந்து கிடந்தது. கடலிலிருந்து மூடுபனி தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. அவர் படகைவிட்டு இறங்கவில்லை.

"கண்ணாடியில உப்பு படிஞ்சிருக்கு பாரு," என்றார் பரிவாக. "குடு, துடைச்சுத் தர்றேன்."

கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் புரிந்தது.

இப்படித்தான் அக்காவிடமும் வாங்கியிருப்பார். இதே பரிவோடு. எட்டு வருஷமாகக் காத்திருந்தவள் என்று காலையில் காதில் விழுந்ததும் இப்போதுதான் உறைத்தது. அக்கா போனது ஏழு வருடத்துக்கு முன்னால்.

"அத்தான்!"

"நீ அதைக் கிளறி எடுத்திருக்கக் கூடாதும்மா," என்றது குரல். மோட்டார் உறுமி விலகிப் போனது. இனி துறைக்குப் போவார், இரண்டு தகட்டையும் கரைப் பக்கம் மாட்டுவார். தேடி யாரும் வரப்போவதில்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்கள். அவளை விட்டது கடலில். எங்கு பார்த்தாலும் ஒரே சாம்பல். பாதத்தைத் தொட்ட தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. பயத்துக்கு முன்னால் அவளுக்கு அழுகைதான் வந்தது. இங்கே நின்றுதானே அக்காவும் கத்தியிருப்பாள்! அப்போது நான் யாருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்?

"என்னை மன்னிச்சிடுக்கா," என்றாள் சத்தமாக.

உப்பு வாடை அடித்தது. பெட்டிக்குள் அடித்த அதே வாடை.

கலங்கலான அத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பச்சைச் சேலை. முந்தானை ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒவ்வொரு இழையும் தெரிந்தது. முதுகில் ஒட்டிய ஈரத் தலைமுடி. பின்கழுத்து மச்சம்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள்.

சின்னவள் பின்னால் நடந்தாள். வளைந்த இடத்தில் வளைந்து, நின்ற இடத்தில் நின்று. தண்ணீர் முழங்காலைத் தாண்டவே இல்லை. பனிக்குள் எங்கோ மோட்டார் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. இருமியது.

நின்றுபோனது.

கால் துறையின் படியில் இடித்தபோது முன்னால் யாரும் இல்லை. விளக்கேற்றும் நேரம். தகட்டுக்காரர் டீக் குவளையோடு கொட்டகையிலிருந்து வந்தார்.

"அட, எப்பம்மா வந்தீங்க? படகுச் சத்தமே கேக்கல. ரெண்டு பேர் தகடும் கரையில இருந்துச்சு. அத்தான் வீட்டுக்குப் போயிட்டாரா?"

அவள் பலகையைத் தடவினாள். கரைப் பக்கத்தில் மூன்றும் இருபத்திரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. இருபத்திரண்டின் ஆணியில் அவள் கண்ணாடி மாட்டியிருந்தது. போட்டுக்கொண்டாள். ஒரு பொட்டு உப்புகூட இல்லாமல் துடைத்திருந்தது.

கடல் பக்கம் ஒரே ஒரு தகடு. பதினொன்று.

"இது எப்படி இங்க வந்துச்சு?" தகட்டுக்காரர் அதை எடுத்துக் கரைப் பக்கம் மாட்டிவிட்டு, நனைந்த கையைப் பார்த்தார். கதவைப் பூட்டினார்.

அப்போது கேட்டது. நடுத்திட்டுப் பக்கமிருந்து, மெல்லியதாக, ஓர் ஆண்குரல்.

அவர் சாவியோடு நின்றார். "யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் படகை எடுத்துவிடுவார். அவளுக்குத் தெரியும். அங்கே தண்ணீர் இந்நேரம் இடுப்புக்கு வந்திருக்கும் என்பதும் தெரியும்.

"கடல்காக்கைங்க," என்றாள்.

அவர் மூன்றாம் எண்ணைப் பார்த்தார். கரைப் பக்கத்தில்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

டிங்.

பூட்டிய கதவுக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

பதினொன்று மறுபடி கடல் பக்கம் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அங்கே இன்னும் வேலை முடியவில்லை.