ஐந்நூற்று இருபது டிகிரியில் ஒரு கட்டைவிரல்

ஓசூர், 1987. காலை ஷிஃப்ட் சங்கு இன்னும் ஊதி முடிக்கவில்லை...

கம்பெனியின் பேக்கிங் அறையில் தொழிலாளி வெள்ளைச்சாமி செத்துக் கிடந்தான். கழுத்தில் ஒரே குத்து!

கத்தியைக் காணோம்.

உலை ஆபரேட்டர் ஜமீர் அகமது தன்னுடைய ஸ்டெயின்லெஸ் கத்தியோடு ஓடியதைக் கண்ணால் பார்த்ததாக ஃபோர்மேன் அழகர்சாமி சொன்னான்.

போதாதா?

ஜமீரை லாக்கப்பில் போட்டுத் துவைத்து எடுத்தார்கள். கத்தி எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். தெரியாததை எப்படிச் சொல்வான், பாவம்! வாசலில் நின்ற அவன் மனைவி சுக்ராவுக்கு நிறைமாதம். தூக்கு நிச்சயம் என்று அவளிடம் ஏட்டு சிரித்தபடியே சொன்னார்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஃபோன். ஜமீரின் உலையைத் திறந்தபோது, ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே அவனுடைய கத்தி!

அது நைட்ரைடிங் உலை. அமோனியா வாயுவில் இரண்டு நாள் வெந்தால் ஸ்டீலின் மேல்தோல் கல்லாகிவிடும்.

இன்ஸ்பெக்டர் சென்னப்பன் ஜமீரை விலங்கோடு கம்பெனிக்கு இழுத்து வந்தார்.

அழகர்சாமி உதட்டைப் பிதுக்கினான்.

"ஐநூத்தி இருபது டிகிரி சார். ரத்தம், ரேகை எல்லாம் எரிஞ்சு போயிருக்கும். கெட்டிக்காரப் பய."

ஜமீர் வீங்கிய கண்ணைத் திறந்தான்.

"கத்திய வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க சார்..."

கத்தி முழுக்க மங்கிய சாம்பல் நிறம். ஒரு பக்கம் மட்டும் ஒரு தடம். கட்டைவிரல் அகலம். கோடு கோடாக...

ரேகை!

"வெறுங்கையில தொட்டா வேர்வை, எண்ணெ ஒட்டிக்கும் சார். அந்த எடத்துல கேஸ் சரியா ஏறாது. கறை அப்படியே நின்னுடும். அதனாலதான் கிளவுஸ் இல்லாம நாங்க லோடு பண்றதில்ல."

"அப்ப இது உன் ரேகைதான?"

ஜமீர் இரண்டு கட்டைவிரல்களையும் நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார். நுனியெல்லாம் வழவழவென்று தழும்பு. ஒரு கோடு கூட இல்லை.

"போன மாசம் தெரியாம ஒரு ஷாஃப்ட்ட வெறுங்கையில தொட்டுட்டேன். ஃபோர்மேன் ரெண்டு வெரலையும் சூட்டுக் கம்பியில வச்சு அழுத்தினாரு. பாத்தது வெள்ளைச்சாமி ஒருத்தன்தான். செத்த அன்னைக்குத்தான் லேபர் ஆபீஸ்ல வந்து சொல்றேன்னு இருந்தான் சார்..."

அழகர்சாமி இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

பத்து வருஷமாக ஆளை வைத்தே லோடு பண்ணியவன். கத்தியில் ரத்தத்தைக் கழுவினான், துடைத்தான், அவசரத்தில் உலைக்குள் தானே வைத்தான்.

வெறுங்கையால்!

இன்ஸ்பெக்டர் அழகர்சாமியின் கட்டைவிரலைத் தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜமீரின் விலங்கைக் கழற்றி அவனுக்கு மாட்டினார்.

"கிளவுஸ் போடாம தொட்டா இந்தக் கம்பெனியில வெரல் மட்டும்தானா, ஃபோர்மேன்? ஸ்டேஷனுக்கு வாங்க... நாங்க அவ்வளவு கஞ்சம் இல்ல."