மூன்றாவது பாட்டில்

பொன்செல்விக்கு எதையும் நோட்டில் எழுதி வைத்தால்தான் நிம்மதி. எழுதிய பிறகு, சரியாகத்தான் எழுதினோமா என்று சந்தேகம் வரும். அதையும் எழுதி வைப்பாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவளும் அஜீஷும் ஒரே குழு. வெட்டிய பழத்தில் கெட்ட கிருமிகள் சீக்கிரம் பெருகும். தயிரில் உள்ள நல்ல கிருமிகள் புளிப்பை உண்டாக்கி அவற்றை அடக்கும். இதைக் காட்ட வேண்டும்.

பழத்துக்குப் பஞ்சமில்லை. பொன்செல்வியின் அம்மா மாடம்மாள் பழவங்காடிக் கடைத்தெருவில் பழம் வெட்டி விற்கிறாள்.

திங்கட்கிழமை மாலை இரண்டு பாட்டில்களில் பப்பாளி போட்டார்கள். முதலாவதில் வெறும் பழம். இரண்டாவதில், வடிகட்டிய தயிர்நீரில் நனைத்த பழம்.

மறுநாள் மாலை தயிர் பாட்டில்தான் முதலில் நாறியது.

மலையாளம் கலந்து பேசும் அஜீஷ் மூக்கைப் பிடித்துக்கொண்டான். “எடீ, உன் நல்ல கிருமி சண்டைக்கே போகலியே! லேபிளை மாத்தி ஒட்டு, கேட்டோ? யாரு அறியப் போறா?”

“நமக்குத் தெரியுமே.”

“நான் மறந்துடுவேன்.”

பொன்செல்வி நோட்டைப் புரட்டினாள். நான்காவது வரி: ‘இரண்டாம் பாட்டிலில் ஈரம். அம்மாவின் கடைத்துணியால் உள்ளே துடைத்தேன்.’

‘கோளாறு துணியிலா?’ என்று அதன் கீழே எழுதினாள்.

புதன்கிழமை மூன்று பாட்டில்களை வெந்நீரில் கழுவிக் காயவைத்தாள். வெறும் பழம் ஒன்றில், தயிர்நீர்ப் பழம் ஒன்றில். மூன்றாவதை மட்டும் கடைத்துணியால் துடைத்து, வெறும் பழத்தைப் போட்டாள். வியாழன் மாலை மூன்றாவது நாறியது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன.

கண்காட்சியில் அதைச் சொன்னால் அம்மாவிடம் யார் பழம் வாங்குவார்கள்? சொல்லாவிட்டால், வாங்குகிறவர்கள் வயிறு?

முதலில் அம்மாவிடம் சொன்னாள்.

“ஏட்டி, என் கடைப் பழம் நாறுதுன்னு ஊரெல்லாம் சொல்லப் போறியா?”

“பழம் இல்லம்மா. துணி.”

“காலையில அலசுன துணிட்டி அது!”

“அதுக்கப்புறம் கத்தி, தட்டு, கை எல்லாத்தையும் அதுலதானம்மா துடைக்கே? பழத்தையும் அதாலதான் மூடுதே.”

மாடம்மாள் துணியை எடுத்து மோந்து பார்த்தாள். பொன்செல்வி அப்பாவின் பழைய வேட்டியை நான்காகக் கிழித்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள்.

“ஒண்ணு கைக்கு, ஒண்ணு கத்திக்கு, ஒண்ணு தட்டுக்கும்மா.”

“நாலாவது?”

“பழத்தை மூட. அதை வேற எதுக்கும் தொடப்பிடாது. தினமும் நாலையும் கொதிக்க வைக்கணும். உன் பேரை எழுத மாட்டேம்மா. ஈரத்துணின்னு மட்டும் போடுதேன்.”

கண்காட்சியில் மூன்றாவது பாட்டிலைத்தான் எல்லோரும் திறந்து பார்த்து முகம் சுளித்தார்கள். தயிர்நீர் பாட்டில் பற்றிப் பொன்செல்வி எழுதியிருந்தது: ‘இன்னும் நாறவில்லை. வெறும் பழமும் நாறவில்லை. நல்ல கிருமி ஜெயித்ததா என்று சொல்ல இன்னும் பல தடவை பார்க்க வேண்டும்.’

லீலாபாய் டீச்சர் அதைப் படித்துச் சிரித்தார். பிறகு மூன்றாவது பாட்டிலில் ‘ஈரத்துணியால் துடைத்தது’ என்றிருந்த லேபிளைத் தட்டினார். “இது எந்தத் துணி?”

பொன்செல்வி நோட்டைப் பார்த்தாள். அஜீஷ் கூரையைப் பார்த்தான்.

“என் கடைத் துணிதான் டீச்சர்.” கண்காட்சி பார்க்கப் பழக்கூடையோடு வந்த மாடம்மாள் வாசலில் நின்றாள். “அதை எறிஞ்சாச்சு. இப்போ நாலு துணி வச்சிருக்கேன்.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்போ எனக்கு ஒரு தட்டு பப்பாளி வெட்டுங்க.”

மாடம்மாள் கத்தியைத் தொடவில்லை. “கை கழுவக் குழாய் எங்க இருக்கு டீச்சர்?” என்று கேட்டாள்.