வெறும் ஆணி

கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கும்போதே ரூபேஷுக்கு வாய் கசந்தது. நந்திதுர்க் பக்கம், மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கக் குழியிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே மேல் அறையில் ஒரு ரூட்டர், கீழே பம்பு அறையில் ஒரு ரூட்டர். இரண்டுக்கும் மென்பொருள் பேட்ச் போடுவது அவன் வேலை. குழியில் இறங்கி வேலை பார்த்த ஏனோக் செத்த பிறகு ரூபேஷ் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

பம்பு ஆபரேட்டர் சம்பங்கி மதியச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, ஆளே காணோம்? பெங்களூர் தண்ணி ஒத்துக்கிச்சா?"

"வேலைணா. கீழ ரூட்டருக்கு லேப்டாப் மாட்டித்தான் பேட்ச் போடணும். போட்டுட்டுக் கெளம்பிடறேன்."

"டோக்கன மாட்டிட்டு எறங்கு. அந்தப் பாவி ஏனோக்கு மாட்டாம எறங்கித்தான் போய்ச் சேந்தான்."

ரூபேஷ் குனிந்து லேப்டாப் பையை எடுத்தான்.

தங்கம் எடுத்த நாளிலிருந்து வரும் பழக்கம் அது. குழியில் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனைச் சுவர் ஆணியில் மாட்டுவான். அது தொங்கும்வரை மேல் ரூட்டரை யாரும் தொடக்கூடாது. கீழே விஷவாயு கூடினால் மணி அடிப்பதும் காற்றாடி ஓடுவதும் அதன் வழியாகத்தான். பேட்ச் போட்டால் அது ரீஸ்டார்ட் ஆகும்; அந்த நேரத்தில் கீழே இருப்பவனுக்குக் காவல் கிடையாது.

ஏனோக் செத்த அன்றைக்கு அவன் டோக்கன் ஆணியில்தான் தொங்கியது. ரூபேஷுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. சின்ன பேட்ச்தானே என்று மேல் ரூட்டருக்குப் போட்டுவிட்டான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பேட்ச் பாதியில் நின்றுகொண்டது; கீழே வாயு கூடியும் மணி அடிக்கவில்லை. உடலை மேலே தூக்கி வந்தபோது, ஓடிப்போய் நெஞ்சைத் தடவுகிறவன்போல் தடவி, ஆணியிலிருந்து எடுத்த டோக்கனை அவன் சட்டைப்பையில் நழுவவிட்டான் ரூபேஷ். பழி செத்தவன் தலையில் விழுந்தது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள் ஏனோக். செத்த பிறகா கடிக்கப் போகிறான்?

ரூபேஷ் தன் டோக்கனை மாட்டினான். கழன்றுவிடுமோ என்று இழுத்தும் பார்த்தான். பிறகு ஏணியில் இறங்கினான்.

கீழே துருவும் சேறும் கலந்த வாடை. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பம்பு உறுமிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை மாட்டியதும் பேட்ச் ஒழுங்காக ஏறத் தொடங்கியது.

அப்போது கிராம்பு வாடை வந்தது.

ஏனோக் எந்நேரமும் கிராம்பு மெல்லுவான்.

திரையில் புதிதாக ஒரு வரி ஓடியது. மேல் ரூட்டருக்கும் பேட்ச் ஏறிக்கொண்டிருந்தது. ரூபேஷ் அதைத் தொடவே இல்லை. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை.

சுவரிலிருந்த போனைப் பிடுங்கினான். "அண்ணா! மேல ரூட்டர யார் தொட்டது?"

"யாரும் தொடலப்பா. நான் சோறு துன்னுகினு கீறேன். அது தானா மின்னுது."

"என் டோக்கன் தொங்குதா பாருங்க!"

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"இன்னாப்பா இது? ஆணி வெறுமையா கீது. நீயும் மாட்டாம எறங்கிட்டியா?"

ரூபேஷ் போனில் வாயை ஒட்டிக் கத்தினான்.

"மாட்டினேன்ணா! ஏனோக்கும் மாட்டினான்! நான்தான் அத எடுத்து அவன் பைல போட்டேன். அவன் மேல தப்பே இல்லணா! எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க!"

ரூபேஷ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

போனும் மேல் ரூட்டர் வழியாகத்தான் பேசும். போனின் சின்ன விளக்கு எப்போதோ அணைந்திருந்தது.

காற்றாடி ஓடவில்லை. மணியும் அடிக்கவில்லை. ஏணியை எட்டிப் பிடித்தான், முழங்கால் மடங்கியது. எழுந்தான், மறுபடி மடங்கியது. மஞ்சள் விளக்கு மங்கிக்கொண்டே வந்தது.

கிராம்பு வாடை காதோரம் வந்து நின்றது.

"எனக்குக் கேட்டுச்சுப்பா."

ஈரமான கை ஒன்று அவன் நெஞ்சை மெல்லத் தடவியது. சட்டைப்பையில் ஒரு டோக்கன் சில்லென்று விழுந்தது.