கடைசிச் சுற்று மணி

புதன், மார்ச் 12. மாலை 7.10.
நேற்றும் இன்றும் எழுதிய ஓட்ட நேரங்கள் எல்லாம் தப்பு. கைக்கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது. நூலக மணிக்கூண்டோடு ஒத்துப் பார்க்காமலே எழுதிவிட்டேன். ஊரார் தராசையெல்லாம் சரிபார்க்கிறவள் தன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பழைய நேரங்களை அடித்துத் திருத்தினேன். கடிகாரத்தையும் திருத்தி வைத்தேன்.

இப்படி எழுதிவிட்டுத்தான் அவள் விருந்தினர் விடுதியில் படுத்தாள். வயது இருபத்தேழு. பகலில் தராசு சோதிக்கும் நிறுவனத்தில் வேலை, மாலையில் கல்லூரி வகுப்பு. வேலை எந்த ஊருக்கு அனுப்பினாலும் ஓடும் காலணியும் இந்த நோட்டும் பையில் ஏறிவிடும். ஊரைக் காலால் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பது அவள் கட்சி. இந்த முறை ஒரு பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தின் பதினெட்டுத் தராசுகளைச் சோதிக்க நான்கு நாள். அங்கே அவளுக்குப் பெயர் தராசுப் பொண்ணு.

ஆனால் இந்த வளாகத்தை அவள் புதிதாகப் பார்க்க வேண்டியதில்லை. எட்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் ஒரு வருடம் படித்தவள். அப்பாவுக்கு வேலை போனது. குடியிருந்த வீடும் போனது. இரண்டாம் வருடத்துக்குப் பெட்டி கட்டாமலே படிப்பு நின்றது.

வியாழன் காலை 5.26. இரண்டு நாளாக வெளிச்சாலையில் ஓடியவள், இன்றுதான் விடுதிப் படியிறங்கி வளாகத்துக்குள் ஓடத் தொடங்கினாள்.

தூங்குமூஞ்சி மரங்கள் அப்போதே கிழம். இப்போதும் அதே கிழம். இயற்பியல் கட்டடத்துக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள், பாட்டிக்குப் பட்டுப்பாவாடை கட்டியதுபோல. மாணவிகள் விடுதியின் மூன்றாம் மாடியில் இடதுகோடி ஜன்னலை ஓடியபடியே நிமிர்ந்து பார்த்தாள். யாரோ ஒருத்தி அங்கே துண்டு காயப் போட்டிருந்தாள். தன் துண்டுதானோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

5.31. விளையாட்டுத் திடல். கண் மெல்லப் பழகும் அரையிருட்டு. திடல்காரர் செம்மண் ஓடுபாதையின் உள்வரிசையில் உருளையை இழுத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதே ஆள், அதே உருளை. தண்ணீர்க் குழாய் திடலின் நட்டநடுவில் இருந்தது. ஈர மண்மேல் ரப்பர் குழாயை இழுத்தால் கோடு விழும் என்று வெளிவரிசையில் தொடங்கி, நனைத்து, உருட்டி, உள்ளே உள்ளே வந்து புல்வெளியில் முடிப்பார். மண் இறுகும்வரை தீவில் மாட்டியவர்போல அங்கேயே உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் வைத்த பெயர் தீவண்ணன்.

"யாரது, கயித்தைத் தாண்டாதே! கால வச்சா வெட்டிப்புடுவேன்!"

எட்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே அதட்டல். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நான்தாண்ணே. நாலாவதா வந்தவ."

உருளை நின்றது. "அட, நாலாம் நம்பரா! கடைசிச் சுத்துல மணி அடிச்சதும் பயந்து திரும்பிப் பார்த்தியே, அந்த நாலாம் நம்பரா?"

"பார்க்கலேன்னா மூணாவது."

"இன்னொரு சுத்து ஓடிட்டு வா. அதுக்குள்ள மண்ணு இறுகிடும். மணியத் துடைக்கிறதுக்குக் கூட இருப்பே. ஞாயித்துக்கிழமை நூறாவது வருஷ ஓட்டம் தெரியும்ல?"

அந்த மணியை அவள் மறந்ததே இல்லை. கைப்பிடி வைத்த பித்தளை மணி. கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஒலிக்கும். அதைக் கேட்டதும் செத்த காலுக்கும் உயிர் வரும். மற்ற நாட்களில் பார்வையாளர் கூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்.

நூலகச் சாலை, மணிக்கூண்டு, தாவரவியல் வளைவு. எதிரே வந்தது பேப்பர் போடும் சைக்கிள் ஒன்றுதான். 6.05க்குத் திரும்பி வந்தபோது தீவண்ணன் புல்வெளியில் எழுந்து, கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்து, வெறுங்காலோடு பதிந்து பதிந்து வெளியே வந்தார். இடுப்பிலிருந்த சாவியால் கூடத்தைத் திறந்தார். விளக்கைப் போட்டார்.

கண்ணாடிப் பெட்டி பூட்டியபடி இருந்தது. உள்ளே மணி இல்லை.

7.40. பாதுகாப்பு அலுவலர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். வயிறு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"பூட்டு உடையல. கூடத்துக்கும் பெட்டிக்கும் சாவி யாருகிட்ட?"

"என்கிட்டங்க."

"வேற?"

"நேத்து சாயங்காலம் ஆறரைக்கு விசில் சார் கேட்டாருங்க. அழைப்பிதழுக்கு மணியைப் படம் பிடிக்கணும்னு. திறந்து விட்டேன். நீ போய் வேலையப் பாரு, நானே பூட்டித் தரேன்னாரு. ஏழு மணிக்குச் சாவி வந்துச்சு."

"உள்ள மணி இருக்கான்னு பார்த்தியா?"

தீவண்ணன் தரையைப் பார்த்தார். "பார்க்கலீங்க. சார் குடுத்தாரு, வாங்கினேன்."

விசில் சார் என்றால் உடற்கல்வி ஆசிரியர். வந்து இரண்டு வருடம். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை என்று மாணவர்கள் சொல்வார்கள். கூப்பிட்ட மாத்திரத்தில் வந்துவிட்டார்.

"வச்சுப் பூட்டிட்டுத்தான் சார் சாவியக் குடுத்தேன்." கொஞ்சம் தயங்கினார். "சொல்லவே கஷ்டமா இருக்கு. காலைல ஓடறப்ப இவரைப் பார்த்தேன். கூடத்துலேருந்து ஒரு சாக்கைத் தூக்கிட்டு இறங்கி, ரோட்டோரமாச் சாமான் அறைப் பக்கம் போனாரு."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு நாப்பத்திரண்டு."

"அவ்வளவு கரெக்டாவா?"

"ஸ்டாப்வாட்ச்தானே சார் நம்ம பொழப்பே."

"இருட்டுல முகம் தெரிஞ்சுதா?"

"வெளுக்க ஆரம்பிச்சாச்சே. முகம், தோள்ல துண்டு, எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது."

 தீவண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் அங்க இல்லீங்க."

"ஐயா," என்றாள் அவள். "அஞ்சு முப்பத்தொண்ணுக்கு இவர் மண்ணு உருட்டிட்டிருந்ததை நான் பார்த்தேன். எழுதியும் வச்சிருக்கேன்."

நோட்டை நீட்டினாள். அதுதான் வினையாகப் போயிற்று. அலுவலர் முந்தைய நாள் பக்கத்தையும் சேர்த்தே படித்தார்.

"நேரமெல்லாம் தப்புன்னு உங்க கையாலேயே எழுதியிருக்கீங்களேம்மா?"

"அதைத் திருத்திட்டேன்..."

"நாலு நிமிஷம் தப்புன்னு நேத்து கண்டுபிடிச்சீங்க. இன்னும் எவ்வளவு தப்புன்னு நாளைக்குக் கண்டுபிடிப்பீங்களோ! அஞ்சு முப்பத்தொண்ணுக்கு உருட்டினா அஞ்சு நாப்பத்திரண்டுக்குத் தூக்க முடியாதா என்ன?" தீவண்ணன் பக்கம் திரும்பினார். "யோவ், பதிவாளர் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள கையெழுத்து வாங்கிடுவேன். வேலைநீக்கம். ஞாயித்துக்கிழமைக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணு."

"என் பொண்ணு இங்கதான் ரெண்டாம் வருஷம் படிக்குதுங்க," என்றார் தீவண்ணன். "நடுவுல எங்க கொண்டு போவேன்?"

8.30. ஆய்வகம். இரண்டு கிராம் எடைக்கல்லைத் தட்டில் வைத்தாள், எண்ணைப் பார்த்தாள், எழுத மறந்தாள். மறுபடி வைத்தாள். பெட்டி கட்டாமலே நின்றுபோன ஓர் இரண்டாம் வருடம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

நான் யார் நடுவில் பேச? கடிகாரம் இன்றும் தப்பாக இருந்தால்? ஓட்டத்தில் மூச்சு வாங்குகிறவள் கண்ணை யார் நம்புவார்கள்? இப்படித் தன்னையே பத்து நிமிடம் குறுக்கு விசாரணை செய்தாள். அவளுடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தராசு சந்தேகமாக இருந்தால் அதனோடு வாதாடக் கூடாது. வேறொரு தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். கடிகாரம் சந்தேகம் என்றால், நேரத்தைக் கடிகாரம் இல்லாமல் வேறெதில் நிறுப்பது?

கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "பத்து நிமிஷத்துல வரேன்," என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.

9.10. திடலைச் சுற்றிய கயிறு அப்படியே இருந்தது. ஞாயிறுவரை பாதையில் யாரும் கால் வைக்கக் கூடாது. கயிற்றோரமாக ஒரு முழுச் சுற்று நடந்தாள். எழுதினாள். நம்பிக்கை வராமல் இன்னொரு சுற்று நடந்தாள். இரண்டாவது தடவையும் அதே எண்ணிக்கை.

9.40. மூன்று பேரையும் திடலுக்கு வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அலுவலர் கையில் தட்டச்சுக் காகிதம். கீழே கையெழுத்தும் விழுந்துவிட்டது.

"அஞ்சே நிமிஷம்," என்றார்.

"விசில் சார், இவர் காலைல மண்ணு உருட்டறதைப் பார்த்திருக்கீங்களா?"

"தினம் ஓடறவன், பார்க்காம இருப்பேனா?"

"உருட்டி முடிச்சதும் எங்க இருப்பாரு?"

"எங்க இருப்பாரு... இந்தக் கூடத்துப் படியில உட்கார்ந்து டீ குடிப்பாரு. எப்பவும் அங்கதான் பார்த்திருக்கேன்."

"ஏழு மணிக்கு மேல வந்தா அங்கதான் பார்க்கலாம் சார். அதுக்கு முன்னாடி வந்தா அதோ, நடுவுல பார்க்கலாம்." அவள் புல்வெளியைக் காட்டினாள். உருளை அங்கேயே நின்றது. பக்கத்தில் சுருட்டி வைத்த ரப்பர் குழாய். "தண்ணிக் குழாய் நடுவுல இருக்கு. அதனால இவர் வெளியேருந்து உள்ள போவார். முடிக்கிறப்ப சுத்தியும் பத்து மீட்டர் அகலத்துக்கு ஈர மண்ணு. தாண்டிக் குதிக்க முடியாது. கால் வச்சா தடம் விழும்."

"அதனால?" என்றார் அலுவலர்.

"என் கடிகாரம் பொய் சொல்லட்டும் ஐயா, விட்டுடுங்க. மண்ணைப் பாருங்க. இவர் கால்தடம் எத்தனை வரிசை இருக்குன்னு எண்ணிட்டு வாங்க."

அலுவலர் முறைத்தார். ஆனாலும் போனார். நானூறு மீட்டரை அவர் சுற்றி முடிக்கக் காத்திருந்த நேரத்தில் ஒரு குட்டித்தூக்கம் போட்டிருக்கலாம். மூச்சு இரைக்கத் திரும்பி வந்தார்.

"ஒரு வரிசை."

"உள்ள போறதா, வெளியே வர்றதா?"

"வெளியே... வர்றது மட்டும்."

"அது ஆறு அஞ்சுக்கு, என் கண்ணெதிர்ல வந்தது. அஞ்சு நாப்பத்திரண்டுக்கு மணியைத் தூக்கிட்டு நடந்திருந்தா, போக ஒரு வரிசை, திரும்பி உருளைகிட்ட வர ஒரு வரிசை, மறுபடி வெளியே வர ஒரு வரிசை. மூணு இருக்கணும்."

"நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்திருக்கலாம்," என்றார் விசில் சார். குரலில் விசில் இல்லை. "உருட்டறதுக்கு முன்னாடியோ என்னவோ."

"உருட்ட ஆரம்பிச்சது கும்மிருட்டுல சார். நீங்க முகம் தெளிவாத் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்க. முகம் தெரியற வெளிச்சம் வந்தப்போ இவர் தீவுக்குள்ள இருந்தார்."

 அவள் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல இவர் மணியை எடுக்கல. அப்போ எடுத்ததா ஒரு கதை யாருக்கு வேணும்? மணி நேத்து சாயங்காலமே பெட்டிக்குள்ள இல்லைன்னு தெரிஞ்சவருக்குத்தான் வேணும். சாவி கைமாறின அந்த அரை மணி நேரம் அதுகூட இருந்தவர் நீங்க மட்டும்தான் சார்."

விசில் சார் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். 

"நான் திருடல," என்றார். "படம் எடுக்கறப்போ கை நழுவிடுச்சு. படியில விழுந்து விரிஞ்சு போச்சு. அடுத்த மாசம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாங்க. நூறு வருஷ மணியை உடைச்சவன்னு தெரிஞ்சா யாரு புதுப்பிப்பா? ஞாயித்துக்குள்ள ரகசியமா ஒட்டவச்சிடலாம்னு... பெட்டியப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டேன். இவ்வளவு சீக்கிரம் பெட்டியப் பார்ப்பாருன்னு நினைக்கல. நீங்க கேட்டதும் வாயில வந்துடுச்சு."

உடற்பயிற்சிக் கூடத்து அலமாரியில், பழைய பனியன்களுக்கு அடியில் மணி இருந்தது. விளிம்பிலிருந்து தோள்வரை மயிரிழை விரிசல். தீவண்ணன் அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரு கையால் வாங்கி, ஒருமுறை அசைத்தார். தகரத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம். கடைசிச் சுற்றில் திரும்பிப் பார்க்க வைத்த அந்த ஒலி இனி அவள் காதுக்குள் மட்டும்தான்.

"என்கிட்ட சொல்லியிருந்தா, நான்தான் நழுவ விட்டேன்னு சொல்லியிருப்பேனே சார்," என்றார் தீவண்ணன். "பித்தளைதானே. விழுந்தா உடையும்."

விசில் சாரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அலுவலர் காகிதத்தை மடித்தார். "கிழிச்செறிய எனக்கு அதிகாரம் இல்லம்மா. கையெழுத்துப் போட்டவர் நாளைக்குப் பத்து மணிக்குத்தான் வருவாரு. அவர் ரத்து பண்ணணும்னா, பார்த்த சாட்சி நேர்ல நின்னு எழுதிக் குடுக்கணும். உங்களுக்குக் காலைல பஸ்ஸுன்னு சொன்னாங்களே?"

"ஏழு மணிக்கு," என்றாள்.

தீவண்ணன் மணியின் விரிசலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழன், மார்ச் 13. மாலை 6.50.
தராசு பதினெட்டும் முடிந்தது. பதினோராவதை இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. பிழை தராசில் இல்லை, என் கவனத்தில். நாளை: ஏழு மணி பஸ்ஸை விட்டுவிட வேண்டும். மாலை வகுப்புக்கு வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். பத்து மணிக்குப் பதிவாளர் அறையில் பார்த்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, ரத்து உத்தரவு தட்டச்சாகி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.