தொயோமி விழுங்கிய குளிகைகள்

தொயோமி தள்ளிய தள்ளலில் கதவே கழன்று விழப்பார்த்தது. ஷிமாக் கடலில் மூச்சடக்கி மூழ்கி அவாபி சிப்பி எடுப்பவள், வயது எழுபத்தாறு. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் குசுமியின் முன்னால் ஒரு மருந்துக் குப்பியை டொக்கென்று வைத்தாள்.

"என் குளிகைய யாரோ மாத்திட்டாங்க. நாளைக்குச் சிப்பிப் பருவம் தொடங்குது. போன கோடை பூரா கடலுக்கடியில சின்னப் பொண்ணாட்டம் திரிஞ்சேனே, எல்லாம் இதாலதான். இது இல்லாம நான் மூழ்க மாட்டேன்."

குப்பியின் மேல் கோ-என்சைம் கியூ டென் என்று போட்டிருந்தது. தெம்புக்காக உடம்பு தானே செய்துகொள்ளும் பொருள் அது. வயதானால் குறைந்துபோகிறதென்று நகரத்திலிருக்கும் மகள் மாதாமாதம் அனுப்புகிறாள். நேற்று ஒரு குளிகை காலில் மிதிபட்டு உடைந்ததாம். உள்ளே செம்மஞ்சளாக இருக்க வேண்டியது வெளிறிய எண்ணெயாக இருந்ததாம்.

பக்கத்து வீட்டு தகேய், தபால்காரராக இருந்தவர், துப்பு என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். கூட மூழ்கும் ஃபுமியேதான் குற்றவாளி, பொறாமை பிடித்தவள் என்று அடித்துச் சொன்னார். குசுமி செருப்பை மாட்டிக்கொண்டார். தகேயும் பின்னாலேயே கிளம்பினார்.

தொயோமியின் வீட்டில் மருமகள் சனாயே தேநீர் கொண்டுவந்தாள். வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று குசுமி கேட்டார். ரத்தம் உறையாமலிருக்கப் போன வசந்தத்திலிருந்து ஒன்று சாப்பிடுவதாகத் தொயோமி சொன்னாள். சனாயேயின் கையிலிருந்த தேநீர் பாயில் சிந்தியது.

குசுமியின் கண் பூசை மாடத்துக்குப் போனது. வீட்டுக்கு எது வந்தாலும் முதலில் செத்தவருக்குப் படைப்பார்கள். கணவரின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் குளிகைகள் வரிசையாக இருந்தன. குப்பிக்கு ஒன்று வைப்பதாகவும் எடுப்பதே இல்லையென்றும் தொயோமி சொன்னாள். "அந்த மனுஷன் மெதுவாத்தான் தின்பார்."

குசுமி மணியைத் தட்டி, தலைவணங்கி அனுமதி கேட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தினார். முதல் குளிகையில் செம்மஞ்சள் கசிந்தது. மற்ற அத்தனையிலும் வெளிறிய எண்ணெய்தான். முகர்ந்தால் நல்லெண்ணெய் வாசனை.

"மாசத்துக்கு ஒரு குப்பின்னு எண்ணினா, போன வசந்தத்துலயே மாத்தியாச்சு. ரத்த மாத்திரை தொடங்கினதும் அப்பதான். பார்சலைப் பிரிக்கிறது யாரு?"

சனாயே மடங்கி உட்கார்ந்து அழுதாள். இந்தக் குளிகை ரத்த மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம் என்று மருந்துக் கடையில் சொன்னார்களாம். "சொன்னா நீங்க இதை விடாம அந்த ரத்த மாத்திரையைத்தான் நிறுத்துவீங்கன்னு பயந்து, நல்லெண்ணெய்க் குளிகைய வாங்கி மாத்திட்டேன் அத்தை."

தகேய்க்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் போன கோடை? ஊரே வாய்பிளந்த அந்தச் சிப்பிக் குவியல்?

"நல்லெண்ணெயில எடுத்தது," என்றார் குசுமி. "குளிகைய நான் குறை சொல்லல. ஆனா அந்தக் கோடை உங்க சொந்த மூச்சு, அக்கா."

தகேய் அந்தக் கிழவியின் ஒல்லி உடம்பையே பார்த்தார். அடேயப்பா, இதற்குள் இவ்வளவா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தொயோமி வெகுநேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படகிலிருந்து மூழ்குகிறவளின் இடுப்புக் கயிற்றைக் கணவன்தான் பிடிப்பான். அவள் உயிர் அவன் கையில். தன் கணவர் போனபின் தொயோமி கரையிலிருந்தே நீந்திப்போய் மூழ்கினாள்; அந்தக் கயிற்றை யாரையும் தொட விட்டதில்லை.

"பயந்தது சரி. என்கிட்ட மறைச்சது தப்பு," என்றாள் மருமகளிடம். "காலையில முதல்ல டாக்டர்கிட்டப் போறோம், எல்லாத்தையும் சொல்றோம். அவர் சரின்னா படகெடுக்கலாம். கயிறு நீ பிடி."