முடிந்த வண்டி

நாச்சிமுத்து கடன் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஆறு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாய். இதை அவர் எந்தத் தாளிலும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் வண்டியே சொல்லிவிடும். சொல்லி முடித்த பிறகுதான் மோட்டார் பிடிக்கும். ஆள் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் காருக்குக் கைவண்டி என்று பெயர்; கடனில் ஓடுகிற எல்லாக் கைவண்டிக்கும் அதுதான் வழக்கம்.

மோதிய பிறகும் அந்தக் குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பானெட் மடங்கி, வலது விளக்கு கம்பியில் தொங்கிக்கொண்டு தெய்வானையின் டிங்கரிங் பட்டறையில் வண்டி நின்றது. கடப்பாரை வைத்து நெம்பிக் கதவைத் திறந்தார்கள். உடனே அது மரியாதையாக ஆரம்பித்தது. "வணக்கம். நிலுவை ஆறு லட்சத்து..."

"வாய மூடு" என்றார் நாச்சிமுத்து.

"இடிச்சதுதான் இடிச்சீங்க, அதையும் சேத்து நசுக்கியிருக்கலாமுங்ணா" என்றாள் தெய்வானை. நாற்பத்தைந்து வயது, நெருப்புப் பொறி பட்டுப் பட்டு முன்னங்கையெல்லாம் புள்ளி. அவிநாசிக்கு வடக்கே கைவண்டி வேலை தெரிந்த பட்டறை அவளுடையது ஒன்றுதான் மிச்சம்.

நாச்சிமுத்து இடித்தது அவர் தப்பால் அல்ல. முன்னால் போன தானோட்டி ஒன்று, காற்றில் பறந்த வெள்ளைச் சாக்கைப் பார்த்து யாரோ ஆள் என்று நினைத்து நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. தானோட்டி என்றால் ஆள் இல்லாமல் தானே ஓடும் கார். அதன்மேல் ஏறாமல் இருக்க இவர் இடதுபக்கம் ஒடித்தார், பாலத்துக் கட்டையில் போய் முட்டினார். சாக்குக்கும் சேதமில்லை, தானோட்டிக்கும் சேதமில்லை. கைவண்டி எங்கே மோதினாலும் தப்பு கைவண்டியுடையது என்பது சட்டம். காப்பீட்டில் ஒரு காசு வராது.

தெய்வானை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

"பானெட்டு, மட்கார்டு, வெளக்கெல்லாம் விடுங்க. அது வெறும் தகரம். சேஸிஸ் வலதுபக்கம் ரெண்டு விரக்கட உள்ள போயிருக்குது. சுட வெச்சு இழுக்கோணும். வர்லாம், வராமயும் போலாம்."

"எத்தன ஆகும் அம்மிணி?"

"கூலிய விட்டுப்போட்டுச் சொன்னாலே ரெண்டே காலு லட்சம். இந்த வண்டிக்கு அத்தன போடோணுமான்னு வீட்ல பேசிப் பாருங்ணா."

பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டி பச்சையாக ஒரு தடவை மின்னியது. மதிப்பாளி என்று பெயர். கண் ஒன்று, காது ஒன்று. அடிபட்ட வண்டியைப் பார்த்து எத்தனை பழுது என்று கணக்குப் போடும். "சேதம் நூற்றுக்கு அறுபத்தெட்டு" என்றது அது. "எழுபதை எட்டவில்லை. முடிவு உரிமம் பெற்ற பணியாளரின் சொல்லில் உள்ளது."

இன்னும் இரண்டு புள்ளி ஏறியிருந்தால் பெட்டியே வண்டியைக் கழித்துக் கட்டியிருக்கும், யாரும் எதையும் யோசிக்க வேண்டியிருக்காது.

ஸ்டீயரிங் வைத்த வண்டி இனிமேல் செய்யக் கூடாது என்று சட்டம் வந்து பதினாலு வருஷம். ஏற்கெனவே இருப்பது சாகும்வரை ஓடலாம். ஆனால் ஓட்டுகிற உரிமை ஆளுக்குக் கிடையாது. அது சேஸிஸ் எண்ணோடு ஒட்டியது. இந்த எண்ணை இந்த ஆள்தான் ஓட்டலாம் என்று ஒரு நாள் குறித்துப் பதிவை மூடிவிட்டார்கள். விற்கவும் முடியாது, வேறு வண்டிக்கு மாறவும் முடியாது. சேஸிஸ் போனால் அதை ஓட்டியவர் அன்றைக்கே ஓட்டுநர் இல்லை. அதற்கு ஆறுதல் மாதிரி இன்னொன்றும் செய்திருந்தார்கள். வண்டி போய்விட்டால் அதன்மேல் இருக்கிற கடனும் அதோடு போய்விடும். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்கலம் மாட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது வாங்கிய கடன் அது. வட்டி குட்டி போட்டு இத்தனைக்கு வந்து நின்றது.

வீட்டில் மனைவி பொன்னாத்தா தெளிவாக இருந்தாள்.

"அந்தப் பட்டறைக்காரி வண்டி போயிருச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஏழு லட்சம் தலைய விட்டு எறங்கும். அத உட்டுப்போட்டு இன்னும் ரெண்டே காலு லட்சத்தக் கொண்டுபோயிக் கொட்டறேங்கறீங்க. உங்குளுக்கு மோதுனதுல மண்டைல அடிகிடி பட்டுருச்சா?"

"கரட்டுமேட்டுப் புள்ளைக?"

"நம்ம பெத்தமா அதுகள?"

ஒன்பது பெண்கள். கரட்டுமேட்டிலிருந்து பனியன் கம்பெனிக்கு இரண்டு நடையாகக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கொண்டுவருவது நாச்சிமுத்துவின் பிழைப்பு. தானோட்டி கரட்டுமேட்டுக்கு வராது. அதன் பாதைப்படத்தில் தார்ரோடு முடிகிற இடத்தோடு உலகமும் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் ஏழு கிலோமீட்டர் மண்தடம், இரண்டு ஓடை. மழை பெய்தால் ஓடை எந்தப் பக்கம் கரைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் இறக்க முடியும். பெத்ததா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் ஐம்பத்து நாலு வயதில், வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் கைக்கு வராத ஆள், நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது?

இதைப் பொன்னாத்தாவிடம் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள், "எருமையப் புடிச்சுட்டுப் போயி வித்துப்போட்டு வாங்க, மூணையும்" என்றாள்.

எருமை விற்ற காசு வண்டிக்குப் பாகங்கள் வாங்கப் போயிற்று. கூலிக்குக் காசில்லை. அதனால் நாச்சிமுத்தே பட்டறைக்குக் கூலியாளாக வந்தார். பெரிய வேலையெல்லாம் தெய்வானை செய்தாள். சேஸிஸைச் சங்கிலி போட்டுக் கட்டி, கேஸ் நெருப்பில் சிவக்கவைத்து, ஒரு நூல் ஒரு நூலாக இழுத்தாள். இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை சங்கிலி தெறித்து அவள் காதோரம் போயிற்று. அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மாட்டினாள். நாச்சிமுத்து பட்டி தேய்த்தார். நசுங்கிய தகரத்தில் அப்பிய பட்டியைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாள் வைத்து வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் தோல் போயிற்று.

"இத்தன நாளு மிதிச்சே பொழச்சீங்க, இப்பத்தான் கையால பொழைக்கறீங்க" என்பாள் அவள்.

"மிதிச்சதுக்குத்தான் இந்தத் தண்டன."

சுவரில் இருந்த மதிப்பாளிக்கு அந்த மாதம் முதல் தேதியில்தான் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அதுவரை வேலை முடிந்ததும் பன்னிரண்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். படிக்காத பட்டறைக்காரர்கள் அதற்காக ஆள் தேடி அலைந்தார்கள். அந்தக் கஷ்டத்தைப் போக்குவதற்காக, இனி எழுதவே வேண்டாம், சொன்னால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு சொல்லை மாற்றுகிறவர்கள் இருந்ததால், ஒரு தடவை சொன்னதைத் திருப்பக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். தெய்வானைக்கு அது நிம்மதியாக இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பெட்டிக்கு முன்னால் நின்று, நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பெயின்ட் காய்ந்தது. தெய்வானை நாலு சக்கரத்தையும் நூல் பிடித்துப் பார்த்தாள். பட்டறை முற்றத்திலேயே முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். கையை விட்டாலும் வண்டி நேராக நின்றது. நாச்சிமுத்து இறங்கி வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வண்டி முடிஞ்சுதா அம்மிணி?"

"முடிஞ்சு போச்சுங்ணா. எடுத்துட்டுப் போலாம்."

சுவரில் பச்சை மின்னியது. "பணியாளரின் சொல் பதிவாகிவிட்டது. நன்றி" என்றது மதிப்பாளி.

"பாருங்க, பொட்டி முன்னால நிக்கக்கூட வேண்டாமாட்ட இருக்குது" என்று தெய்வானை சிரித்தாள். டீ சொல்லிவிட்டாள். டீ வருவதற்குள் நாச்சிமுத்துவின் போனில் செய்தி வந்தது. அவளே அதைச் சத்தமாக வைத்தாள். 'தங்கள் வாகனம் முடிந்தது என்று உரிமம் பெற்ற பணியாளர் அறிவித்துள்ளார். தங்கள் ஓட்டும் உரிமை இத்துடன் நீங்குகிறது. வாகனத்தை எடுத்துச் செல்லச் சுமையுந்து புறப்பட்டுவிட்டது.'

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் புரிந்துகொண்டது தெய்வானைதான். எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"நாஞ் சொன்னது வேல முடிஞ்சுதுன்னு."

"வேலை என்ற சொல் பதிவில் இல்லை" என்றது மதிப்பாளி. "வண்டி முடிந்ததா என்று உரிமையாளர் கேட்டார். முடிந்துபோயிற்று, எடுத்துப் போகலாம் என்று பணியாளர் கூறினார்."

"பட்டறைல முடிஞ்சுதுன்னா ரெடியாயிருச்சுன்னு அர்த்தம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உங்கண்ணு முன்னாலதான வண்டி ஓடுச்சு? அதப் பாக்கல நீ?"

"வாகனத்தின் அசைவு காணப்பட்டது. பணியாளரின் சொல்லே முடிவு."

செய்தி அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண். முழுக்கக் கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"எனக்குப் புரியுதுங்க்கா. எங்க ஊர்லயும் அப்படித்தான் பேசுவோம். ஆனா பணியாளர் சொல்ல மாத்தறதுக்கு எங்கிட்ட பட்டன் இல்லீங்க. யாருகிட்டயுமே இல்லீங்க, வெக்கல. அப்பறம், கடன் முழுசும் தள்ளுபடி ஆகுதில்லைங்களா? இதுக்குன்னே தெனமும் பத்துப் பேரு கெஞ்சறாங்க."

போனை வைத்த பிறகு தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "என்ற வாயால..." என்று ஆரம்பித்தாள்.

"கேட்டது நாந்தான" என்றார் நாச்சிமுத்து. வந்த கோபத்தை யார்மேல் விடுவது? இவள்மேல் விட முடியாது. போனில் பேசிய பெண்மேல் விட முடியாது. எழுதத் தெரியாதவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்று யாரோ செய்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு முகம் இல்லை. பெட்டியை அடிக்கலாம் என்று ஸ்பானரை எடுத்தார். அதற்கும் அபராதம் தெய்வானை தலையில்தான் விழும். கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரட்டுமேட்டுப் பெண்களில் ஒருத்தி, பூவாத்தாள், போனில் கூப்பிட்டாள். கம்பெனியில் இடைவேளை போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல்.

"அண்ணா, வண்டி முடிஞ்சுதுங்ளா?"

"முடிஞ்சு போச்சு கண்ணு" என்றார் நாச்சிமுத்து.

"ஏ, வண்டி முடிஞ்சுதாமா!" என்று அந்தப் பக்கம் அவள் கத்தினாள். நாலைந்து குரல் சேர்ந்து கூவியது. "பொழச்சோமுங்ணா. விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு நடந்து காலே போச்சு. நாளைக்கு அஞ்சரைக்கு ஓடைக்கு இந்தப்பக்கம் நிக்கறோமுங்."

"கண்ணு, அதில்ல..."

மணி அடித்ததும் கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் அதற்குள் வைத்துவிட்டாள்.

சுமையுந்து மூன்று மணிக்கு வந்தது. அதிலும் ஆள் இல்லை. பின்பக்கம் திறந்து பலகையைச் சாய்வாக இறக்கியது. "வாகனத்தை ஏற்றவும்" என்றது. நாச்சிமுத்து பழக்கத்தில் போய்க் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார்.

"எச்சரிக்கை. தங்களுக்கு ஓட்டும் உரிமை இல்லை. வாகனத்தைத் தள்ளி ஏற்றவும்" என்றது சுமையுந்து.

காலை வெளியே எடுத்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். தெய்வானை பின்னால் நின்று டிக்கியில் கை வைத்தாள். டீ கொண்டுவந்த ஆளும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து சேர்ந்தான். அவள் அத்தனை நேராக இழுத்திருந்ததால் வண்டி ஒரு பக்கமும் சாயாமல், லேசாக, எண்ணெய் மேல் போவது மாதிரி பலகையில் ஏறியது.

கொக்கி மாட்டிக்கொண்டதும் சுமையுந்து சத்தமாகப் படித்தது. "ரூபாய் ஆறு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு தள்ளுபடி செய்யப்பட்டது. கணக்கு முடிந்தது. சரி என்று சொல்லவும்."

தெய்வானை அவர் முகத்தைப் பார்த்தாள். பெட்டிக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தவள்போல மெல்லக் கேட்டாள். "இனி ஒண்ணும் கட்ட வேண்டாமுங்ளாண்ணா?"

"வேண்டாம் அம்மிணி."

சுமையுந்து நகராமல் நின்றது. "சரி என்று சொல்லவும்" என்று இரண்டாம் தடவை கேட்டது. மூன்றாம் தடவையும் கேட்டது. ஐந்தாம் தடவை நாச்சிமுத்து "சரி" என்றார்.